மூன்று பேர் கேட்ட குருவி

ஜெரால்ட் வாயில் முட்டை சாண்ட்விச்சை வைத்துக்கொண்டே பறவைகளைக் கூப்பிடுவார். உதட்டைக் குவித்து, "பிஷ்ஷ்... பிஷ்ஷ்... பிஷ்ஷ்..." அந்தச் சத்தத்தைக் கேட்டால் புதருக்குள் பதுங்கியிருக்கும் சின்னக் குருவிகள் என்ன கலவரம் என்று பார்க்க வெளியே வருமாம். அன்று காலை குருவி எதுவும் வரவில்லை. மஞ்சள் கருத் துணுக்கு ஒன்றுதான் பறந்து வந்து டாம்சின் ஃபிஸ்க்கின் நோட்டில், 'மரமேறிக் குருவி, 5.52, கண்டது' என்ற வரியின்மேல் உட்கார்ந்தது.

அவள் நோட்டைக் கவிழ்த்துத் தட்டினாள். துணுக்கு போய்விட்டது. எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் தாளில் ஊறி, அடுத்த பக்கம்வரை வட்டமாகத் தெரிந்தது.

"எழுதிட்டியா கண்ணு?"

"எழுதிட்டேன்."

"எத்தனை ஆச்சு?"

"முப்பத்தெட்டு."

"பாத்தியா நெவில்? ஆறு மணிக்குள்ள முப்பத்தெட்டு!" ஜெரால்ட் திரும்பிச் சொன்னபோது அவருடைய தாடியில் இன்னும் கொஞ்சம் முட்டை இருந்தது. டாம்சின் மரங்களைப் பார்த்துக்கொண்டாள்.

மே மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, செவ்வாய்க்கிழமை மாலைப் பறவை வகுப்புக்காரர்கள் நாலு நாலு பேராகப் பிரிந்து ஓடும் ஓட்டம் அது. விடிந்ததிலிருந்து இரவு எட்டு மணிவரை எத்தனை வகைப் பறவைகளைக் கணக்கில் சேர்க்க முடிகிறது என்பதுதான் போட்டி. கண்ணால் பார்த்தாலும் சரி, குரலைக் கேட்டாலும் சரி. ஆனால் ஒருவர் மட்டும் பார்த்தேன் கேட்டேன் என்றால் செல்லாது. நாலு பேரில் மூன்று பேராவது உறுதி சொல்ல வேண்டும். கடைசியில் நாலு பேரும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஜெரால்டின் குழு எடுத்த நூற்றிரண்டைத் தாண்டி இதுவரை யாரும் போகவில்லை.

ஜெரால்டுக்கு அறுபத்தொன்பது வயது. அந்த வகுப்பில் பதினாலு வருஷமாக மாணவர். நெவில் கேச்போல் அவருக்கு மூன்று வயது இளையவர், பதினாலு வருஷமும் பக்கத்து நாற்காலி. காரை ஓட்டுவது ஜெரால்டின் மனைவி டோரின். முழங்கால் வலி உள்ளவள் என்பதால் ஈரமான இடம் வந்தால் காரிலேயே உட்கார்ந்து பின்னல் வேலை பார்ப்பாள். நாலாவது ஆள் டாம்சின். இருபத்தாறு வயது, நகரசபையின் கார் நிறுத்துமிட அலுவலகத்தில் வேலை, வகுப்பில் சேர்ந்து பத்து வாரம். எழுத்து சுத்தமாக இருக்கிறது என்று கணக்கெழுதும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

அவளுடைய சொந்த நோட்டில் நேரம், இடம், பறவை, கண்டதா கேட்டதா என்று நாலு பத்தி. ஐந்தாவதாக 'உறுதி' என்று அவளாகவே ஒரு பத்தி போட்டிருந்தாள். பூஜ்ஜியத்திலிருந்து ஐந்துவரை மதிப்பெண். கண்ணால் கண்டதற்கெல்லாம் நாலும் ஐந்தும் இருந்தன. காதால் கேட்டவற்றுக்கு நேராகப் பெரும்பாலும் ஒன்று, இரண்டு. சில இடங்களில் ஒன்று என்று எழுதி அடித்து பூஜ்ஜியம் போட்டு, அதையும் அடித்து மறுபடி ஒன்று போட்டிருந்தாள்.

விஷயம் இதுதான். மற்றவர்களுக்குக் கேட்பது அவளுக்குக் கேட்கவில்லை. பெல்சம் சதுப்பில் வெட்டுக்கிளிக் கதிர்க்குருவி என்று ஒன்று உண்டு. தையல் மெஷினை நிறுத்தாமல் ஓட்டுவதுபோல் மெல்லிசாக, உயர்ந்த சுருதியில் இரைந்துகொண்டே இருக்குமாம். கண்ணில் படவே படாது. ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி வகுப்போடு போனபோது ஜெரால்ட் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். "கேளுங்க" என்றார். நெவில் கண்ணை மூடித் தலையாட்டினார். ஜெரால்டும் தலையாட்டினார். டாம்சின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்றும், தூரத்து டிராக்டரும், தன் வயிறு இரைவதும் கேட்டன. "கேக்குதா?" என்று ஜெரால்ட் கேட்டார். அவளும் தலையாட்டினாள். மே ஐந்தாம் தேதியும் அப்படியேதான் நடந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்துக் காசு கொடுத்துக் காதைச் சோதித்துப் பார்த்தாள். சோதித்த பெண் சிரித்துக்கொண்டே, "உங்க காது பன்னண்டு வயசுப் பிள்ளை காது" என்றாள். அதுவும் டாம்சினுக்கு ஆறுதலாக இல்லை. காதில் கோளாறு இல்லை என்றால் வேறு எங்கோ கோளாறு. கவனிக்கத் தெரியாதவள், மண்டையில் ஏறாதவள். இன்றைக்கும் அந்தக் குருவி கேட்கவில்லை என்றால் வகுப்புக்கு முழுக்குப் போட்டுவிடுவது என்று முந்தின நாளே முடிவெடுத்து, அதையும் நோட்டில் தேதி போட்டு எழுதியிருந்தாள்.

காட்டின் முனையில் ஜெரால்ட் மறுபடி கையை உயர்த்தினார்.

"பொன்முடிக் குருவி. அதோ, அந்த இடதுபக்க ஃபிர் மரத்துல."

நெவில் அந்தப் பக்கம் திரும்பித் தலையாட்டினார்.

டாம்சினுக்கும் அது கேட்டது. ஊசி நுனிபோல ஒரு குரல், மேலும் கீழும் போய் கடைசியில் ஒரு சுழிப்பு. ஆனால் வலதுபக்கத்திலிருந்து கேட்டது. அவள் மெல்ல வலதுபக்கம் பார்த்தாள். விரல் நீளமே உள்ள குருவி ஒன்று கிளை நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது, தலையில் மஞ்சள் கோடு. இடதுபக்கமும் ஒன்று இருக்கும் போலிருக்கிறது, அது தனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். 'உறுதி' பத்தியில் மூன்று போட்டாள்.

பத்து மணிக்கு உழவு நிலத்தின் ஓரம். ஆள்காட்டி ஒன்று நிலத்தின் நடுவே படுத்திருந்தது. அடியில் முட்டையோ குஞ்சோ இருக்க வேண்டும். கொண்டை மட்டும் தெரிந்தது.

"பாத்தாச்சு. எழுதிக்கிறேன், போகலாம்" என்றாள் டாம்சின்.

"டோரின் பாக்கலையே. அங்கேர்ந்து அவளுக்குத் தெரியாது."

"நம்ம மூணு பேர் போதுமே."

"அவளும் பாக்கட்டும், பாவம்." ஜெரால்ட் நேராக உழவு நிலத்துக்குள் இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டே நடந்தார். பறவை கதறிக்கொண்டு எழும்பியது. அவர் தலையைச் சுற்றிச் சுற்றிப் பாய்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே தொப்பியை ஆட்டினார். கார் ஜன்னலுக்குள்ளிருந்து டோரின், "பாத்துட்டேன், பாத்துட்டேன், வந்து தொலை!" என்று கத்தினாள். திரும்பி வரும்போது அவருடைய பூட்ஸ் எந்தெந்த இடத்தில் பதிகிறது என்று பார்க்க டாம்சினுக்கு மனம் வரவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு எழுதினாள்: 10.14, கண்டது, 5. எழுதும்போதே தன் கை எழுதுவது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பகல் முழுவதும் காருக்குள் ஈரக் கோட்டும், வேகவைத்த முட்டையும், யாரோ கழற்றிவிட்ட சாக்ஸும் சேர்ந்த ஒரு நாற்றம். கண்ணாடியை இறக்கினால் ஜெரால்டுக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளுமாம். தொலைநோக்கியின் கண்ணாடியில் எச்சில் துப்பிக் கைக்குட்டையால் துடைப்பார். அதே கைக்குட்டையில் மூக்கைச் சிந்துவார். பிறகு தொலைநோக்கியை அவளிடம் நீட்டி, "என்னோடதுல பாரு, நல்லாத் தெரியும்" என்பார். அவள் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை.

மாலை ஐந்தரைக்குப் பெல்சம் சதுப்பை அடைந்தபோது கணக்கு நூற்றிரண்டில் நின்றது.

"இன்னும் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு" என்றார் ஜெரால்ட். "எங்கே போனாலும் இது நம்மளைக் கைவிடாது. வருஷா வருஷம் அதே இடம்."

டோரின் காரில் இருந்துகொண்டாள். ஆகவே மீதி மூன்று பேரும் கேட்டாக வேண்டும். கேட்காமல்போனால் டாம்சினால்தான் கெட்டது என்று ஆகும். அது மூன்று பேருக்குமே தெரியும்.

"நான் ஒரு நிமிஷம், ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று நெவில் முன்னால் போனார்.

வரப்பில் நடக்கும்போது டாம்சின் சுற்றிப் பார்த்தாள். முதல் தடவை வந்தபோதே அவளுக்கு உறுத்திய இடம். முள்ளும் புதரும் அடர்ந்த இடத்தில்தான் அந்தக் குருவி இருக்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தாள். இங்கே வாய்க்காலின் இரண்டு கரையும் மொட்டையடித்த மாதிரி வழித்து வைத்திருந்தது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் வெட்டினார்களாம். இடதுபக்கம் ஒற்றை வில்லோ மரம். வலதுபக்கம் ஒரு நீள ஹாதார்ன் செடி வேலி, வெள்ளைப் பூ பூத்துக் குலுங்கியது. அந்தப் பூவுக்கு ஒரு மணம் உண்டு. சிலர் நன்றாக இருக்கிறது என்பார்கள். டாம்சினுக்கு அது எதுவோ அழுகின மாதிரிதான் எப்போதும் தோன்றும். வேலி நெடுகக் கிளைகளில் கறுப்புப் பைகள் தொங்கின. நாயைக் கூட்டி வருகிறவர்கள் பீயைப் பொறுப்பாக அள்ளிப் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, அப்படியே மரத்தில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். பூவுக்கு நடுவே பையும் காய்த்திருந்தது.

நெவில் கால்சட்டையைச் சரிசெய்துகொண்டே வந்தார். மூவரும் நின்றார்கள். ஜெரால்ட் கையை உயர்த்தினார்.

டாம்சினுக்குக் கேட்டது.

முதலில் அவள் நம்பவில்லை. பிறகு முதுகு சிலிர்த்தது. மெல்லிசாக, உலர்ந்து, மூச்சே விடாமல் ஓடிய ஒரு இரைச்சல். தையல் மெஷின் என்று சொன்னது சரிதான். வலதுபக்கத்திலிருந்து, அவ்வளவு தெளிவாக, தெருவில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் கேட்டது. பத்து வாரமாகத் தன்னைத் திட்டித் தீர்த்ததெல்லாம் இளகி இறங்கியது. கண் கலங்கிவிட்டது. நோட்டைத் திறந்து 'வெட்டுக்கிளிக் கதிர்க்குருவி, 5.47, கேட்டது' என்று எழுதி, நேரே ஐந்து போட்டாள். ஐந்தின்மேல் இரண்டாவது தடவையும் பேனாவை ஓட்டினாள்.

"கேக்குதா கண்ணு?"

"கேக்குது ஜெரால்ட். நல்லா கேக்குது!"

"அதான் சொன்னேன்ல? வில்லோ மரத்தடியில." அவர் இடதுபக்கம் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு நெவிலின் தோளில் அடித்தார். "நூத்தி மூணுடா! நூத்தி மூணு! டோரின்கிட்ட சொல்லணும்." வரப்பில் குதிக்காத குறையாகக் காரைப் பார்த்து நடந்தார்.

டாம்சினுக்கு நகர மனம் வரவில்லை. எவ்வளவு நேரம் பாடுகிறது என்று குறித்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பத்தோரு விநாடி பாடியது. ஆறு விநாடி இடைவெளி. மறுபடி நாற்பத்தோரு விநாடி. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இவ்வளவு ஒழுங்காகவா? மறுபடி பார்த்தாள். இருபத்தொன்பதாவது விநாடியில் எங்கோ தூரத்தில் ஒரு நாய் குரைத்தது, ஒரே ஒரு தடவை. அடுத்த சுற்றிலும் இருபத்தொன்பதாவது விநாடியில் அதே நாய் அதேபோலக் குரைத்தது. மூன்றாவது சுற்றிலும்.

அவள் வேலியை நோக்கி நடந்தாள்.

"டாம்சின்! வா, போலாம், லேட்டாகுது" என்றார் நெவில்.

இரைச்சல் பூக்களுக்கு நடுவிலிருந்து வந்தது. கிட்டே போகப் போக அது குருவியின் அளவைவிடப் பெரிதாக, தகரம் மாதிரி ஒலித்தது. அந்த இடத்தில் மூன்று பைகள் அடுத்தடுத்துத் தொங்கின. எதிலிருந்து என்று தெரியவில்லை. அவள் முதல் பையைப் பிடித்தாள். அது கொழகொழவென்று விரலுக்கிடையில் அமுங்கியது. முடிச்சு சரியாகப் போடப்படவில்லை. கையில் பட்டுவிட்டது.

"அதைத் தொடாதே! அசிங்கம், அசிங்கம்!" நெவில் ஓடி வந்தார்.

இரண்டாவது பை கனமாக, கெட்டியாக இருந்தது. விரலில் அதிர்ந்தது. அவள் கிழித்தாள். உள்ளே சோப்புக்கட்டி அளவில் ஒரு சின்ன ஸ்பீக்கர். நீல விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தது. நாய் குரைத்தது.

டாம்சின் அசுத்தமான கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டிப் பிடித்தபடி, இன்னொரு கையில் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சுத்தமான பைதான் அது, புதுசு" என்றார் நெவில். "வேற எதுலயும் வச்சா யாராவது எடுத்துப் பார்ப்பாங்க. இதை எவன் தொடுவான்?"

"எதுக்கு?"

"உனக்காகத்தான். கோவிச்சுக்காதே. குருவி இருக்கு, அதுல பொய் இல்லை. ஜெரால்டுக்குக் கேக்குது, எனக்கும் கேக்குது. உனக்குத்தான் கேக்க மாட்டேங்குது. போன தடவை நீ நோட்டுல ஒண்ணுன்னு போட்டதை நான் பார்த்தேன். நேர்மையான பொண்ணு, போட்டின்னு வந்தா கேக்காததை எழுத மாட்டே. அவனுக்கு இதுதான் கடைசி ஓட்டம், அடுத்த வருஷம் முடியாதுங்கிறான். உன் ஒரு காதுக்காக அது போகணுமா? அதான் ஒரு கை கொடுத்தேன்."

அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம் என்றுதான் அப்போதும் அவளுக்கு முதலில் தோன்றியது. வில்லோ மரத்தடியில் நிஜக் குருவி ஒன்று பாடிக்கொண்டிருக்கலாம். அவளுக்கு மெஷின்தான் கேட்கும் போலிருக்கிறது.

ஆனால் நெவில் பேசும்போதெல்லாம் அவள் கையிலிருந்த நீல விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவள் கவனித்தாள். விளக்கு தெரியாதபடி ஸ்பீக்கரை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். கட்டைவிரலால் பொத்தானை அமுக்கினாள். இரைச்சல் நின்றது. சதுப்பு முழுக்க நிசப்தம்.

"நெவில், இப்போ பாடுதா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். விடை அங்கேதான் எழுதியிருப்பதுபோல. பிறகு கண்ணை மூடி, பழக்கமான அந்த மரியாதையோடு, மெல்லத் தலையாட்டினார்.

"பாடுதே."

அவள் வாய்க்காலில் குனிந்து கையைக் கழுவினாள். பாசியும் எண்ணெய்ப் படலமும் மிதக்கிற தண்ணீர். கழுவக் கழுவக் கை இன்னும் அழுக்கான மாதிரி இருந்தது. பின்னால் நெவில் என்னவோ சொல்லிக்கொண்டே நின்றார். எனக்குக் கொஞ்ச நாளாகச் சரியாகக் கேட்கிறதில்லை, ஜெரால்டுக்குச் சொல்லிவிடாதே, அவன் காது பாம்புக் காது, அவன் கேட்டால் போதாதா, என்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாந்தி வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை.

எட்டு மணிக்கு இன்னும் வெளிச்சம் இருந்தது. மாதா கோயிலுக்கு எதிரே இருக்கும் பப்பின் தோட்டத்து மேஜையில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். ஜெரால்ட் எல்லோருக்கும் பீர் வாங்கினார். ஒரு பொட்டலம் பொரித்த பன்றித்தோலைக் கிழித்து நடுவில் கொட்டினார். ஒரு துண்டில் இரண்டு மயிர் பொசுங்காமல் நின்றன. அவர் அதை எடுத்துக் கடித்தார்.

"படி கண்ணு. கடைசி நம்பரை மட்டும் சத்தமாப் படி."

"நூத்தி ரெண்டு" என்றாள் டாம்சின்.

"மூணு."

"ரெண்டு ஜெரால்ட். கதிர்க்குருவியை நான் அடிச்சுட்டேன். நான் கேட்டது குருவி இல்லை, ஸ்பீக்கர். வேலியில தொங்கின பைக்குள்ள இருந்துச்சு." ஸ்பீக்கரை மேஜையில் வைத்தாள். நெவில் பீர் கிளாசைக் கையால் மூடிக்கொண்டு குனிந்துவிட்டார்.

ஜெரால்ட் ஸ்பீக்கரையும் நெவிலையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சிவந்தது. "இது யார் வேலைன்னு அப்புறம் பேசிக்கிறேன். நீ மெஷினைக் கேட்டிருக்கலாம். நான் கேட்டது குருவி. வில்லோ மரத்தடியில."

"வேலி வலதுபக்கம். வில்லோ இடதுபக்கம்."

"அப்போ அங்கே ஒண்ணு தனியா இருந்துச்சு."

டோரின் பின்னல் ஊசியைக் கீழே வைத்தாள். சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. "ஏன்யா, போன மாசம் மாடிப்படிப் புகை அலாரத்துல பாட்டரி தீர்ந்து மூணு நாள் கீச்சு கீச்சுன்னு உயிரை வாங்குச்சே, அதுக்கு நேர் கீழே உக்காந்து பேப்பர் படிச்ச மனுஷன்தானே நீ? வில்லோ மரத்துக் குருவி கேட்டுச்சாம்."

"அது வேற."

"என்ன வேற? அலாரத்துக்கு இறக்கை இல்லை, அதுவா?"

ஜெரால்ட் அவளை விட்டுத் திரும்பினார். நெவிலைப் பார்த்தார். "உனக்குக் கேட்டுச்சுல்ல? நீதான் தலையாட்டினியே."

நெவில் நிமிர்ந்தார். "நீ ஆட்டினே. அதான் நானும் ஆட்டினேன்."

"நான் உன்னைப் பார்த்துத்தான்டா ஆட்டினேன்."

"நான் உன்னைப் பார்த்து."

"எத்தனை வருஷமா?"

"உனக்கு எத்தனை வருஷமோ" என்றார் நெவில். "எனக்கு நாலு."

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள், வேறு எதற்கோ. ஜெரால்ட் வாயிலிருந்த தோலை மென்று விழுங்க மறந்து அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். வாய் ஓரத்தில் உப்பும் கொழுப்பும் மினுங்கின.

டாம்சின் நோட்டைத் திறந்தாள். இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் நல்லவளாக எழுந்து போகலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் குமட்டியது.

"நானும்தான்" என்றாள். "ஏப்ரல் இருபத்தொண்ணு, மே அஞ்சு. ரெண்டு தடவையும் எனக்கு எதுவும் கேக்கலை. நீங்க ரெண்டு பேரும் தலையாட்டினீங்க, நானும் ஆட்டினேன். 'கேட்டது'ன்னு எழுதிக் கொடுத்தேன். நீங்க அதை மாவட்டப் பறவைப் பதிவாளருக்கு அனுப்பினீங்க. அங்கே குருவியே இல்லை ஜெரால்ட். புதரை வெட்டினப்பவே போயிருக்கும். நாம மூணு பேரும் இருக்கு இருக்குன்னு எழுதினோம். அதனால எங்கே போச்சுன்னு ஒருத்தரும் கேக்கலை."

அவள் போட்டித் தாளை எடுத்து, அடித்த வரிக்குக் கீழே அந்த இரண்டு தேதிகளையும் எழுதினாள். 'கேட்கவில்லை. பொய்யாக எழுதினேன்' என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாளை மேஜையின் நடுவே தள்ளினாள். பதிவாளருக்கும் இதையே நாளைக்குக் கடிதமாக எழுதப்போவதாகச் சொன்னாள். நெவில் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"பொன்முடிக் குருவி?" என்றார் ஜெரால்ட் திடீரென்று. "காலையில. அதுவும் இல்லையா?"

"அது இருந்துச்சு. நீங்க காட்டின மரத்துல இல்லை, வலதுபக்கம். நான் பார்த்தேன்."

"மரமேறி?"

"பார்த்தோம். எல்லாரும்."

"நாணல் கதிர்க்குருவி?"

"இருந்துச்சு. மூணு."

"அந்தப் பாலத்துக்கிட்ட, சாம்பல் வாலாட்டி கூப்பிட்டுச்சுன்னு சொன்னேனே?"

"இல்லை. அது சைக்கிள் பிரேக்."

அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். இருந்தது, இல்லை, இருந்தது, இருந்தது, இல்லை. எங்கேயும் தயங்கவில்லை. நோட்டைப் பார்க்கக்கூட இல்லை. இத்தனை வாரமும் இது எனக்குத் தெரிந்தேதானே இருந்தது என்று நினைத்தாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் ஒரு கிழவர் பன்றிக்கொழுப்பு பூசின விரலால் எண்ணி எண்ணித் தன் நாளை அவளிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அதில் சந்தோஷப்பட எதுவும் இல்லை. எழுந்து போய்க் கையை வெந்நீரில், நிறைய சோப்பு போட்டு, முழங்கைவரை கழுவ வேண்டும்போல் இருந்தது.

கணக்கு தொண்ணூற்றாறில் வந்து நின்றது. டோரின் கணவனின் தாடியைப் பார்த்தாள். ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து அவர் முன்னால் போட்டாள். அவர் அதைத் தொடவில்லை.

"இப்போ?" என்றார். "இப்போ எதாவது பாடுதா?"

டாம்சின் காதைக் கொடுத்துக் கேட்டாள். தட்டுகள் மோதும் சத்தம், சாலையில் போன ஒரு கார். அதற்கு மேலே, கல்லறைத் தோட்டத்துப் பக்கத்திலிருந்து ஊசி நுனிபோல ஒன்று.

"பாடுது. பொன்முடிக் குருவி. உங்களுக்குப் பின்னாடி, அந்தப் பெரிய யூ மரத்துல. உச்சியில."

ஜெரால்ட் நாற்காலியில் சிரமப்பட்டுத் திரும்பினார். முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்தபடி, மரத்தைப் பார்த்தார். குருவி பாடி முடித்தது. கொஞ்சம் நிறுத்தியது. மறுபடி பாடியது. அவர் கழுத்துத் தசை இறுகுவதும், காதை அந்தப் பக்கம் சாய்ப்பதும் அவளுக்குத் தெரிந்தது. நெவில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக, மிக மெதுவாக, ஜெரால்டின் தலை மேலும் கீழும் அசைய ஆரம்பித்தது.

"ஆட்டாதீங்க ஜெரால்ட்" என்றாள் டாம்சின்.